கருப்பனுக்கு ஒரு சேவல்

சங்கையா: அதெல்லாம் இன்னைக்கு எங்கிட்டும் போக முடியாது. வடக்கு ஓரத்துல புகை வர்ற சீரப் பாத்தியா?

செல்வி: யாரு எங்க போறேன்னு சொன்னா?

சங்கையா: ...சொல்லலையா?

செல்வி: நான் பாட்டுக்குச் சோத்துச் சட்டியக் கழுவிக்கிட்டு இருக்கேன். வாயத் தொறக்கவே இல்ல. நீங்களாத்தான் கேள்வி கேட்டு, நீங்களாத்தான் பதிலு சொல்றீக.

சங்கையா: இல்ல... ஒரு பேச்சுக்குச் சொன்னேன். கரிமூட்டத்துக்குத் தீ வச்சாச்சுன்னா புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் இங்கனயேதான் கெடக்கணும். கொஞ்சம் கண்ணசந்தா மண்ணு பொத்துக்கிட்டுத் தீ வெளிய வந்துரும். அம்புட்டுக் கருவேல வெறகும் சாம்பல்தான்.

செல்வி: உங்களக் கட்டிக்கிட்டு வந்த வருசத்துல இருந்து மூட்டம் போடுறேன். எனக்கே பாடம் எடுக்கீக... என் போன எங்க?

சங்கையா: எந்தப் போனு?

செல்வி: எனக்கு எத்தன போனு இருக்கு?

சங்கையா: அது... சார்ஜ் இல்லன்னு வீட்டுல போட்டுட்டு வந்தேன்.

செல்வி: காலையில இருந்து வீட்டுல கரண்டே இல்லையே.

சங்கையா: வந்துரும்ல? வந்ததும் ஏறட்டும்னுதான்...

செல்வி: உங்க சட்டப் பையில என்னமோ குறுகுறுன்னு அதிருது.

சங்கையா: அது என் போனு.

செல்வி: உங்க போனு அந்தா கல்லு மேல இருக்கு.

சங்கையா: ...ஏ புள்ள, கொஞ்சம் தண்ணி குடு. நெஞ்ச அடைக்குது.

செல்வி: குடத்துல இருக்கு, மோந்து குடிங்க. குடிச்சுட்டு, என்னத்த மறைக்கீகன்னு சொல்லுங்க.

சங்கையா: நான் ஒண்ணு கேப்பேன். கோவிக்கக் கூடாது.

செல்வி: கேட்ட பொறவு பாத்துக்கிருவோம்.

சங்கையா: இப்ப நம்ம சொந்தத்துல... ஒரு பேச்சுக்குத்தான்... ஒரு ஆம்பள ஆளு தவறிட்டாருன்னு வையி. உங்க அத்த வீட்டுப் பக்கம்னு வையி. நீ போனா என்னன்னு சொல்லி அழுவ?

செல்வி: செத்தது யாருன்னு தெரிஞ்சாத்தான அழுக முடியும்?

சங்கையா: முறை சொல்லித்தான அழுவீக பொம்பளைக? அப்பான்னா அப்பா, அண்ணன்னா அண்ணன்... அத்த மகனா இருந்தா?

செல்வி: எந்த அத்த மகன்?

சங்கையா: எந்த அத்த மகனாச்சும்.

செல்வி: எனக்கு இருந்தது ஒரே அத்த. அவுக பெத்தது ஒரே மகன்.

சங்கையா: அப்ப அந்த ஒருத்தன்தான்னு வச்சுக்க.

செல்வி: மைக்செட்டு இருளப்பசாமின்னு பேரச் சொல்ல வாய் வரலையாக்கும்.

சங்கையா: அவன் பேர நான் ஏன் சொல்லணும்? எப்படி அழுவ, அதச் சொல்லு.

செல்வி: 'மச்சானே'ன்னுதான் அழுவேன். வேற எப்படி அழுக?

சங்கையா: பாத்தியா... பாத்தியா! கேட்ட ஒடனே வாய் நெறைய வருது!

செல்வி: அத்த மகன மச்சான்னு சொல்லாம மாமனாருன்னா சொல்லுவாக?

சங்கையா: எனக்குன்னா மட்டும் 'ஏங்க', 'இந்தாங்க', 'உங்களத்தான்'. ஒரு தடவ... ஒரே ஒரு தடவ என்னைய மச்சான்னு கூப்புட்டிருப்பியா? எங்க தெருவுல அம்புட்டுப் பொம்பளைகளும் புருசன மச்சான்னுதான் கூப்புடுறாக. நான் மட்டும் யாரோ ரேசன் கடைக்காரன் மாதிரி... 'ஏங்க'!

செல்வி: வந்த புதுசுல வாய்ல வரல. பொறவு இதுவே பழகிப் போச்சு.

சங்கையா: ஏன் வரல? அந்த வார்த்தைய ஏற்கனவே ஒருத்தனுக்குக் குடுத்தாச்சு. அதான் வரல.

செல்வி: மேல கீறல் விடுது பாருங்க. மண்ண அள்ளிப் போடுங்க.

சங்கையா: போடுறேன், போடுறேன். பேச்ச மாத்தாத. நம்ம கல்யாணத்தன்னைக்கு மைக்செட்டு யாருது?

செல்வி: ஆரம்பிச்சுட்டாகடா சாமி...

சங்கையா: யாருது?

செல்வி: அவுகளதுதான். நரிக்குடிச் சுத்துப்பட்டுல அன்னைக்கு அவுகள விட்டா வேற யாரு மைக்செட்டு வச்சிருந்தா?

சங்கையா: நான் தாலியக் கட்டிட்டு நிமிர்றேன். பொண்ணு என் மூஞ்சியப் பாக்கணுமா இல்லையா? நீ எங்க பாத்த?

செல்வி: எங்க பாத்தேன்?

சங்கையா: வேப்பமரத்து உச்சியில கட்டியிருந்த மைக்செட்டுக் கொழாயப் பாத்த!

செல்வி: கொழாயி ஆடுச்சு. கீழ எங்க சின்னாத்தா பச்சப்பிள்ளைய மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருந்துச்சு. விழுந்துருமோன்னு பாத்தேன்.

சங்கையா: இத்தன வருசமா இதே பதிலு. ஒரு வார்த்தை மாறல.

செல்வி: நடந்தது மாறினாத்தான பதிலு மாறும்?

சங்கையா: அதுலயும் அவன் மைக்கப் புடிச்சு, 'என் மாமன் மகள் செல்வலட்சுமிக்கு'ன்னு ஊருக்கே கேக்குற மாதிரி வாழ்த்துச் சொன்னான். மாப்பிள்ளை ஒருத்தன் மாலையும் கழுத்துமா உக்காந்திருக்கேன். என் பேரச் சொன்னானா?

செல்வி: உங்க பேரு அன்னைக்கு அவுகளுக்குத் தெரியாது.

சங்கையா: பத்திரிக்கையில போட்டிருந்துச்சே!

செல்வி: இதுக்குப் பழி வாங்கத்தான நம்ம மக தேவிபிரியா சடங்குக்கு அருப்புக்கோட்டையில இருந்து மைக்செட்டு கொண்டாந்தீக? பாதியில வயரு எரிஞ்சு பந்தலே பொகஞ்சு போச்சு. யாரு வந்து சரி பண்ணாக?

சங்கையா: அவனே எரிச்சு விட்டிருப்பான்.

செல்வி: அடப்பாவமே! சாப்பாட்டுப் பந்தியில எலைக்கு முன்னால உக்காந்திருந்தவுக, கையக் கூடக் கழுவாம ஓடி வந்தாக.

சங்கையா: யாரு கூப்புடாம ஓடி வந்தான்? யாரு வீட்டு வேலைன்னு ஓடி வந்தான்? அதத்தான் நான் கேக்கேன். கட்டிக்கிற முறை உள்ளவன், பொண்ணு கை நழுவிப் போயிருச்சு. பொறவு ரெண்டு மூணு வருசம் கல்யாணமே வேண்டாம்னு திரிஞ்சான். யாரு நெனப்புல திரிஞ்சான்?

செல்வி: ...அதெல்லாம் எனக்கு என்ன தெரியும்?

சங்கையா: உன் நெனப்புல! ஊரே சொல்லுச்சு.

செல்வி: ஊருன்னா நீங்க ஒருத்தரு. மிச்சம் யாரு?

சங்கையா: எனக்குத் தெரியும் புள்ள. ஆம்பள மனசு ஆம்பளைக்குத் தெரியும். போன சித்திரைப் பொங்கலுக்கு, உங்க கருப்பசாமி கோயில்ல, உன்னையப் பாத்துச் சிரிச்சானா இல்லையா?

செல்வி: எனக்குப் பின்னால அவுக பொண்டாட்டி நின்னா. அவளப் பாத்துச் சிரிச்சாக.

சங்கையா: பின்னால நின்னது உனக்கு எப்படித் தெரியும்?

செல்வி: மாம்பழக் கலரு சேலை, அரக்குல கரை. தலை நெறையக் கனகாம்பரம். காதோரம் நரச்சிருந்துச்சு, அத மறைச்சுச் சீவியிருந்தா. மூக்குத்தி புதுசு. வெள்ளக்கல்லு.

சங்கையா: அடேயப்பா! சங்கரம்மா வந்துச்சான்னே எனக்கு ஞாபகம் இல்ல.

செல்வி: நீங்க என்னைய மட்டும் பாத்துக்கிட்டு இருந்தா வேற என்ன தெரியும்?

சங்கையா: பாக்காம? கருப்பன் மட்டும் அன்னைக்கு வெள்ளையக் காட்டியிருந்தா, நீ இந்நேரம் மைக்செட்டுக்காரன் பொண்டாட்டி.

செல்வி: ம்.

சங்கையா: என்ன 'ம்'?

செல்வி: நீங்க சொல்றீக, நான் ம் கொட்டுறேன்.

சங்கையா: உங்கப்பாவுக்கு அக்கா மகனுக்குத்தான் குடுக்கணும்னு அம்புட்டு ஆசை. நல்லவேள, உங்காத்தா 'எதுக்கும் பூக்கட்டிப் பாத்துருவோம்'னுச்சு. ரெண்டு பொட்டணம். ஒண்ணுல வெள்ள அரளி, ஒண்ணுல செவப்பு அரளி. வெள்ள வந்தா கட்டு, செவப்பு வந்தா விடு. ஒரு சின்னப்பிள்ளய விட்டு எடுக்கச் சொன்னா, செவப்பு! சாமி எனக்காகத்தான் எடுத்துக் குடுத்துச்சு.

செல்வி: உங்களுக்காக! நீங்க அப்ப எந்த ஊருல இருந்தீகன்னே அந்தச் சாமிக்குத் தெரியாது.

சங்கையா: தெரியாமயா அடுத்த வைகாசியில தரகரு திருச்சுழிக்கு வந்து எங்க வாசல்ல நின்னாரு? எங்காத்தா எப்படிச் சண்டை போட்டுச்சு! 'சாமி தள்ளி விட்ட பொண்ணு நமக்கு எதுக்குடா'ன்னு. நான்தான் சொன்னேன், 'தள்ளல ஆத்தா, எனக்குன்னு எடுத்து வச்சிருக்கு'ன்னு.

செல்வி: ...ம். அப்படித்தான் சொன்னீக.

சங்கையா: எத்தன தடவ சொல்லியிருக்கேன்!

செல்வி: எத்தன தடவ சொன்னாலும் கேக்கலாம். நல்லாத்தான் இருக்கு.

சங்கையா: அதுக்குத்தான வருசா வருசம் உங்க கருப்பனுக்கு ஒரு சேவல் கொண்டு போறேன். எங்க சாமிக்குக் கூட ஒரு வருசம் தவறியிருக்கும். உங்க சாமிக்குத் தவறுனதே இல்ல.

செல்வி: சேவல் குடுக்கவா போறீக? நான் யாரப் பாக்குறேன்னு பாக்கத்தான போறீக.

சங்கையா: ரெண்டுக்கும்தான்! அதுல என்ன தப்பு? ...சரி, அத விடு. கேட்டதுக்கு வா. அழுகுற முறைய மாத்திக்கிட்டா என்ன?

செல்வி: எப்படி மாத்துறது?

சங்கையா: இங்க பாரு. உன்னையக் கட்டிக்கிற முறை அவனுக்கு இருந்துச்சு. கட்டுனது நான். அப்ப அவன் எனக்குத் தம்பி முறையில்ல? எனக்குத் தம்பின்னா உனக்குக் கொழுந்தன். 'கொழுந்தனாரே'ன்னு அழு. முறையும் தப்பல, எனக்கும் கொறையில்ல.

செல்வி: கொழுந்தனாரா! எங்க, அழுது காட்டவா? 'மரத்து மேல கொழா கட்டி... மாநெலமே கேக்க வச்ச... என் கொழுந்தனாரே...' போதுமா?

சங்கையா: சிரிக்காத.

செல்வி: பொணமே எந்திரிச்சு உக்காந்து, 'யாருடி உனக்குக் கொழுந்தன்'னு கேக்கும்.

சங்கையா: அப்ப சத்தமில்லாம அழு. ஓரமா நின்னு, முந்தானையில கண்ணத் தொடச்சுட்டு வந்துரு.

செல்வி: ஓரமா நின்னு சத்தமில்லாம அழுதாத்தான் ஊரு ஒருமாதிரிப் பேசும். நாலு பொம்பளைகளக் கட்டிப் புடிச்சு ஓன்னு அழுதுட்டா ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக.

சங்கையா: ...அப்ப நீ போகவே வேண்டாம்.

செல்வி: எங்க?

சங்கையா: எங்கயும்தான். மூட்டத்த விட்டுட்டு...

செல்வி: சொல்லுங்க. எங்க போக வேண்டாம்? பை திரும்பவும் அதிருது.

சங்கையா: இந்தா... இந்தா, புடி உன் போன. காலையில இருந்து ஓயாம அடிக்குது. எல்லாம் உங்க அத்த வீட்டு நம்பருதான்.

செல்வி: எதுக்கு அடிக்காக?

சங்கையா: விடியக்காலம் நெஞ்சு வலின்னு எந்திரிச்சிருக்கான். காரப் புடிச்சு மதுரைக்குக் கெளம்பியிருக்காக. பாதி வழியிலயே... முடிஞ்சு போச்சு. நான் டீக்கடைக்குப் போனப்பச் சொன்னாக. பொழுது சாயத் தூக்குறாகளாம்.

செல்வி: தெரியும்.

சங்கையா: ...என்னது?

செல்வி: நீங்க மண்ணக் கொழைக்கத் தண்ணி எடுக்கப் போனீகள்ல, அப்ப ராஜேஸ்வரி ஆடு பத்திக்கிட்டு இந்த வழியாத்தான் போனா. நின்னு சொல்லிட்டுப் போனா.

சங்கையா: அப்பயே தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டா கொழுந்தனாரேன்னு ராகம் போட்ட?

செல்வி: நீங்க எம்புட்டு நேரம் மறைக்கீகன்னு பாத்தேன்.

சங்கையா: கண்ணு கூடக் கலங்கலையே நீ!

செல்வி: காலையில இருந்து இந்தப் புகையில நிக்கேன். என் கண்ணு எதுக்குக் கலங்குதுன்னு நீங்க எதக் கண்டீக? ஏன் மறைச்சீக?

சங்கையா: வயிறு எரிஞ்சுச்சு புள்ள. வேற என்னத்தச் சொல்ல? டீ கையில இருக்கு, செத்துப் போனான்னு சொல்றாக... ஐயோன்னு வரல எனக்கு. நீ தலைய விரிச்சுப் போட்டு, ஊரு பூரா பாக்க, 'மச்சானே'ன்னு அவன் மேல விழுகுறதுதான் கண்ணுக்கு முன்னால வந்து நிக்குது. அப்பத்தான் நெனச்சேன்... நான் செத்தா என்னன்னு அழுவ? 'ஏங்க... ஏங்க...'ன்னா? சிரிச்சாலும் சிரி. எனக்கு அதுதான் நெசமான கவலை.

செல்வி: சிரிக்கல.

சங்கையா: செத்தவன்கிட்டப் போயிப் போட்டி போடுறேன் பாரு. எனக்கே அசிங்கமா இருக்கு. போன ஒளிச்சு வச்சது பெரிய தப்பு. கெளம்பு. வண்டிய எடுக்கேன்.

செல்வி: எங்க?

சங்கையா: எங்கன்னா? நரிக்குடிக்குத்தான். தூக்குறதுக்குள்ள போயிருவோம். என்ன வேணாலும் சொல்லி அழு. மச்சான்னே அழு. நான் வெளிய பந்தல்ல ஆம்பளைகளோட உக்காந்துக்கிறேன். ரொம்பத் தாங்கலன்னா எந்திரிச்சு ரோட்டுப் பக்கம் போயிக்கிறேன்.

செல்வி: நான் வரல.

சங்கையா: நான்தான் போகச் சொல்லிட்டேன்ல?

செல்வி: மூட்டத்த யாரு பாக்குறது?

சங்கையா: மூட்டம் சாம்பலாப் போனாப் போகுது! நீ வராட்டி, 'அந்தச் சங்கையாதான் விட்டிருக்க மாட்டான்'னு ஊரே என்னையக் காறித் துப்பும்.

செல்வி: துப்புனா தொடச்சுக்கோங்க. இத்தன வருசம் விடாமத்தான இருந்தீக?

சங்கையா: அதுக்குத்தான் இப்பப் போகச் சொல்றேன். சங்கரம்மா என்ன நெனைக்கும்? பாவம்...

செல்வி: பாவமா? அவளுக்கு என்ன பாவம்?

சங்கையா: புருசன் செத்துக் கெடக்கான் புள்ள.

செல்வி: இத்தன வருசம் வாழ்ந்தாள்ல? அம்புட்டும் வாழ்ந்துட்டாள்ல?

சங்கையா: ...என்ன பேச்சுப் பேசுற நீ? எந்திரி. உங்க கருப்பசாமி கோயில் வழியாத்தான் போகணும். துட்டி வீட்டுக்குப் போறப்ப எறங்கக் கூடாது, வண்டியில இருந்தே மனசுக்குள்ள கும்புட்டுக்கிறேன். செவப்பக் குடுத்து உன்னைய எனக்குக் குடுத்த சாமி...

செல்வி: அந்தச் சாமி உங்களுக்கு ஒண்ணும் செய்யல. இனிமே அந்தச் சேவல நிறுத்துங்க.

சங்கையா: வாயக் கழுவு! சாமிய ஏன் இழுக்குற?

செல்வி: அன்னைக்குப் பூசாரிக்குக் கையில முள்ளு ஏறி வீங்கிப் போயிக் கெடந்துச்சு. பூவப் பறிச்சு, எலையில மடிச்சு, நூலு சுத்துனது யாருன்னு நெனைக்கீக?

சங்கையா: யாரு?

செல்வி: மச்சான்தான். 'நான் கட்டித் தாரேன்'னு அவுகளே முந்திக்கிட்டுப் போனாக. கட்டிக்கப் போறவனுக்கு அவசரத்தப் பாருன்னு எல்லாருக்கும் சிரிப்பு. எனக்கு... எனக்கு அப்படி ஒரு சந்தோசம் அன்னைக்கு. தலையத் தூக்க முடியல வெக்கத்துல. பிள்ள எடுத்துக் குடுத்த பொட்டணத்தப் பிரிச்சாக. செவப்பு. எங்கப்பா துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு நடந்துட்டாக. பின்னாலேயே எல்லாரும் போயிட்டாக. மத்தப் பொட்டணம் சாமி காலடியிலயே கெடந்துச்சு. நான் அத எடுத்துப் பிரிச்சேன்.

சங்கையா: வெள்ளைதான?

செல்வி: ...

சங்கையா: வெள்ளைதான புள்ள இருக்கணும்?

செல்வி: அதுலயும் செவப்பு.

சங்கையா: ரெண்டுலயுமா...?

செல்வி: ரெண்டுலயும்.

சங்கையா: அப்ப... கல்யாணம் வேண்டாம்னு ரெண்டு மூணு வருசம் திரிஞ்சது...?

செல்வி: மல்லாங்கிணத்துல அவ அப்பன் குடுக்க மாட்டேன்னு நின்னாரு. அவரு எறங்கி வர்ற வரைக்கும் திரிஞ்சாக.

சங்கையா: சங்கரம்மாளுக்காகவா...! இத ஏன் புள்ள என்கிட்டச் சொல்லல? அவன் உன்னையக் கொழாயில கூப்புட்டான், கோயில்ல சிரிச்சான்னு நான் எம்புட்டு எரிஞ்சிருப்பேன்!

செல்வி: சாமி வேண்டாம்னா பொண்ணுக்குக் கொறையில்ல. அவுக வேண்டாம்னாகன்னு எந்த வாயால சொல்ல? நீங்க எரிய எரிய எனக்குக் கொஞ்சம் ஆறுச்சு. அவுகளுக்கு என் மேல உசுருன்னு, இந்த ஒலகத்துல நீங்க ஒரு ஆளாவது நம்புனீகளே.

சங்கையா: ...சரி. சரி, போகட்டும். உன்னைய வேண்டாம்னு போனவன்தான? ஊரு ஒலகத்துக்காக வந்து நின்னுட்டு வர்றதுல உனக்கு என்ன? இன்னமும் அவன் மேல கோவமா?

செல்வி: கோவமெல்லாம் இல்ல.

சங்கையா: பொறவு என்னதான் தடுக்குது?

செல்வி: அவ தலைமாட்டுல உக்காந்திருப்பா. அவுக தலைய எடுத்து மடியில வச்சிருப்பா. 'மச்சானே'ன்னு அவ அழுவா, எல்லாரும் அவளத்தான் தேத்துவாக... அத என்னால பாக்க ஏலாது. நீங்க போயிட்டு வாங்க. மூட்டத்த நான் பாத்துக்கிறேன்.